கைராசி என்று நாம் சொல்வது எதை? சிறந்த தூண்டில்காரர் குறித்து ஓர் எளிய விளக்கம்

தாமிரபரணிக் கரையில் சேரன்மகாதேவி முதல் முறப்பநாடு வரை எந்தப் படித்துறையில் நின்று விசாரித்தாலும், இந்தப் பக்கத்தில் நன்றாகத் தூண்டில் போடுகிறவர் யார் என்ற கேள்விக்கு உடனே ஒரு பெயர் கிடைத்துவிடும். அவர் ஏன் சிறந்தவர் என்று அடுத்துக் கேட்டால் வரும் விடைகள்தாம் தெளிவில்லாதவை. அவருக்குக் கைராசி என்பார் ஒருவர். அவரைப் போலப் பொறுமையாக உட்கார யாராலும் முடியாது என்பார் இன்னொருவர். எப்போதோ அவர் பிடித்த விராலின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டுவார் மூன்றாமவர். அண்மைக் காலத்தில், அவரிடம் விலை உயர்ந்த ராடும் ரீலும் இருக்கின்றன என்ற விடையும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

இந்த நான்கு விடைகளும் முழுப் பொய் அல்ல. ஆனால் எதுவும் காரணத்தைத் தொடவில்லை. கண்ணுக்குத் தெரியாத நீருக்குள் மீன் எங்கே இருக்கும், என்ன செய்துகொண்டிருக்கும் என்பதைக் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களிலிருந்து ஊகிப்பதும், அந்த ஊகம் தவறினால் காரணத்தோடு அதை மாற்றிக்கொள்வதுமே தூண்டில் கலையின் உயிர்நிலை என்பது என் கருத்து. அதை எளிதாகவும் விரைவாகவும் செய்பவரைப் பார்க்கிறவர்கள், நடுவில் நிகழும் சிந்தனையைக் காண முடியாததால், கைராசி என்று பெயரிட்டுவிடுகிறார்கள். இதுவரை தூண்டிலைத் தொட்டே பார்க்காதவரும் புரிந்துகொள்ளும்படி அந்தச் சிந்தனையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொறுமை இரண்டாவதாகத்தான் வருகிறது

பொறுமை என்றதும் நம் நினைவுக்கு வருவது கொக்கு. அது அசையாமல் நிற்பதைப் புகழ்கிற நாம், அது எங்கே நிற்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. குளத்து மடை திறந்திருக்கும் நாளில் வாய்க்கால் ஓரமாக நடந்து பார்த்தால், மடையிலிருந்து நீர் பாய்ந்து வேகம் குறையும் இடத்தில், கால் பாதி நனையும் ஆழத்தில் அது நிற்பது தெரியும். சிறுமீன்கள் நீரோடு வந்து விழும் இடம் அது. கொக்கு முதலில் இடத்தைத் தேர்ந்துவிட்டது; பொறுமை அதன் பிறகு வந்தது. மீனே இல்லாத இடத்தில் ஒருவர் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பொறுமையால் ஒரு பயனும் இல்லை.

வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் நொறுக்குத்தீனி விற்கும் ஓர் அண்ணாச்சியை எடுத்துக்கொள்வோம். எந்தப் பேருந்து நின்று ஆள் ஏற்றும், எது நிற்காமல் போகும் என்பது அவருக்குத் தெரியும். வெயில் ஏறிய நேரத்தில் வெள்ளரிப்பிஞ்சையும், மழை தூறும் மாலையில் சூடான வறுகடலையையும் கூடையில் வைத்திருப்பார். எங்கே, எப்போது, எதை என்ற மூன்று கேள்விகளுக்கு அவர் அன்றாடம் விடை கண்டுபிடிக்கிறார். தூண்டில்காரரும் இதே மூன்று கேள்விகளைத்தான் கேட்டுக்கொள்கிறார். அவருடைய வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

மீன் ஏன் ஓர் இடத்தில் நிற்கிறது

முதல் கேள்வியான ‘எங்கே’ என்பதிலேயே பாதி வேலை அடங்கியிருக்கிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. ஓடும் நீரை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்பதற்கு மீன் இடைவிடாமல் உழைக்க வேண்டும். அந்த உழைப்புக்குச் செலவாகும் சத்து, உண்ணும் இரையிலிருந்து கிடைக்கும் சத்தைவிட அதிகமானால் மீன் மெலியும். ஆனால் இரையைச் சுமந்து வருவது வேகமான நீர்தான். இந்த இரண்டு தேவைகளுக்கும் இடையில் மீன் கண்டுகொள்ளும் தீர்வு, மெதுவான நீரில் நின்றுகொண்டு பக்கத்தில் ஓடும் வேகமான நீரிலிருந்து இரையை எட்டிப் பிடிப்பது. வேகமான நீரும் மெதுவான நீரும் உரசிக்கொள்ளும் அந்தக் கோட்டை இக்கட்டுரையில் நீரோட்ட விளிம்பு என்று அழைப்போம். நுரையும் சருகும் வரிசையாக மிதந்து போகும் தடத்தைக் கொண்டு அதைக் கரையிலிருந்தே அடையாளம் காணலாம்.

தாமிரபரணியில் இத்தகைய விளிம்புகளுக்குக் குறைவில்லை. ஆற்றின் நடுவே கிடக்கும் ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும், படித்துறையை ஒட்டிய கல்மண்டபத் தூண்களுக்குப் பின்னாலும், 1843-இல் கட்டப்பட்ட சுலோச்சன முதலியார் பாலத்தின் தாங்குதூண்களுக்குப் பின்னாலும் நீர் வேகம் குறைந்து சுழல்கிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்ற எட்டு அணைக்கட்டுகளின் கீழேயும் நீர் விழுந்து குடைந்த பள்ளமும், அதை அடுத்துத் தணிந்த நீரும் இருக்கின்றன.

அணைக்கட்டின் கீழ்ப்பகுதியில் மீன் கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மீன் சுவாசிப்பது நீரில் கலந்திருக்கும் ஆக்சிஜனை; இதைக் கரைந்த ஆக்சிஜன் என்பார்கள். நீர் உயரத்திலிருந்து விழுந்து வெண்ணுரையாகச் சிதறும்போது காற்றோடு நன்கு கலந்து, இதன் அளவு கூடுகிறது. நீர் சூடேற ஏற இதன் அளவு குறைகிறது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் அதிகபட்சம் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ ஏழரை மில்லிகிராமாகச் சுருங்கிவிடும். அதே நேரத்தில் சூடான நீரில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படுகிறது. சித்திரை வெயிலில் நீர் விழும் இடங்களை மீன் நாடுவதற்கு இதுவே காரணம்.

குளத்தில் ஓட்டம் இல்லை. அங்கே ஆழத்தையும் மறைவையும் கொண்டு ஊகிக்க வேண்டும். குளத்துக்கரையைப் பலப்படுத்த மண் எடுத்த இடங்களில் கரையை ஒட்டிப் பள்ளம் விழுந்திருக்கும். நீர் வற்றும்போது மீன் ஒதுங்குவது அங்கேதான். மடைவாயில் நீரசைவு இருக்கும். ஆகாயத்தாமரை என்றும் நம் பக்கத்தில் அமலை என்றும் சொல்லப்படும் செடி படர்ந்த விளிம்பில் நிழலும் பூச்சிகளும் கிடைக்கும். கோடையில் வற்றிய குளத்தை ஒருமுறை நடந்து பார்த்து மேடு எது, பள்ளம் எது, பழைய வாய்க்கால் எங்கே போகிறது என்று மனத்தில் பதித்துக்கொள்கிறவருக்கு, கார்த்திகையில் அதே குளம் நிறைந்து கிடக்கும்போது நீருக்கடியில் ஒரு வரைபடம் இருக்கிறது. தூண்டில் பழக விரும்பும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்பும் முதல் பயிற்சி இதுதான். அந்த நடைக்குத் தூண்டில்கூடத் தேவையில்லை.

காரணம் தெரிந்த இடத்தேர்வுக்கும் வெறும் இட நினைவுக்கும் உள்ள வேறுபாடு பெருவெள்ளத்தின் பிறகு வெளிப்படும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு ஓடியது. அத்தகைய வெள்ளம் மணல்திட்டுகளை இடம் பெயர்க்கும், கசங்கள் எனப்படும் ஆழமான மடுக்களைத் தூர்க்கும், இல்லாத இடத்தில் புதிய பள்ளத்தைக் குடையும். ‘அந்த மருதமரத்தடியில் போட்டால் கிடைக்கும்’ என்று மட்டும் அறிந்தவர் வெள்ளத்துக்குப் பின் வெறுங்கையோடு நிற்பார். அந்த மருதமரத்தடியில் ஏன் கிடைத்தது என்பதை அறிந்தவர், புதிய ஆற்றில் புதிய நீரோட்ட விளிம்பைத் தேடிப் போவார்.

சுருக்கமாகச் சொன்னால், மீன் நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பவை உழைப்புக் குறைவு, இரை வரத்து, கரைந்த ஆக்சிஜன், மறைவு ஆகியவை. இவை சேரும் இடத்தைக் கரையிலிருந்தே கண்டுகொள்வது சிறந்த தூண்டில்காரரின் முதல் அடையாளம்.

மீன் நம்மை எப்படி உணர்கிறது

பேசினால் மீன் ஓடிவிடும் என்று பிள்ளைகளை அதட்டுவது ஆற்றங்கரை வழக்கம். உண்மையில், காற்றில் எழும் பேச்சொலியில் மிகப் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுகிறது; நீருக்குள் நுழைவது மிகக் குறைவு. கரைமண்ணை அதிரவைக்கும் காலடி அப்படியன்று. அது நிலத்தின் வழியாகவே நீருக்குள் இறங்கும். நீருக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர் வேகத்தில், அதாவது காற்றில் செல்வதைப் போல நான்கு மடங்குக்கும் கூடுதலான வேகத்தில் பரவுகிறது. கெண்டை இனங்களுக்கும் கெளுத்தி இனங்களுக்கும் காற்றுப்பையையும் உட்செவியையும் இணைக்கும் நுண்ணிய எலும்புச் சங்கிலி உண்டு என்பதால், அவற்றின் செவி மற்றப் பல மீன்களின் செவியைவிடக் கூர்மையானது. பேசிக்கொண்டே மெதுவாக நடந்து வருகிறவரைவிட, வாய் திறக்காமல் தடதடவென்று படியிறங்குகிறவர் மீனை அதிகம் விரட்டுகிறார்.

இதைத் தவிர, மீனின் உடலின் இரு பக்கங்களிலும் செவுளிலிருந்து வால் வரை ஒரு மெல்லிய கோடு ஓடுவதைச் சந்தையில் வாங்கும் மீனிலேயே பார்க்கலாம். அதற்குப் பக்கக்கோடு என்று பெயர். அருகில் நிகழும் நீரசைவை உணரும் உறுப்பு அது. கலங்கிய நீரிலும் இரவிலும் பக்கத்தில் துடிக்கும் இரையை மீன் கண்டுகொள்வது பெருமளவு அதன் துணையால்தான்.

கண்ணைப் பொறுத்தவரை, ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், நீருக்கு மேலுள்ள உலகம் முழுவதும் மீனுக்குத் தலைக்கு மேல் ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரிகிறது. அந்தச் சாளரத்தின் விளிம்பில் வரும் தாழ்வான பொருள்கள் நசுங்கி மங்கலாகத் தெரியும். கரையில் நிமிர்ந்து நிற்பவரைவிடக் குந்தியிருப்பவர் மீனின் கண்ணுக்குத் தப்புகிறார் என்பதன் விளக்கம் இதுவே. அதே ஒளி வளைவால், மேலிருந்து பார்க்கும் நமக்கும் மீன் அது உண்மையில் இருக்கும் ஆழத்தைவிட மேலே இருப்பதாகத் தோன்றுகிறது.

விடியற்காலை எப்போதும் நல்ல நேரமா

‘எப்போது’ என்ற கேள்விக்கு எல்லாரும் சொல்லும் விடை விடியற்காலை. ஓடும் ஆற்றில் இது பெரும்பாலும் சரி; வெளிச்சம் குறைவு, நீர் குளிர்ச்சி, ஆள் நடமாட்டமும் இல்லை. ஆனால் பாசி படர்ந்து பச்சையாகக் கிடக்கும் கோடைக் குளத்தில் இந்த விடை தலைகீழாகிவிடும். பகலில் நீர்த்தாவரங்கள் வெயிலின் துணையால் ஆக்சிஜனை வெளிவிடுகின்றன. இரவில் அவை அதை எடுத்துக்கொள்ள மட்டுமே செய்கின்றன. ஆகவே கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான். அந்த நேரத்தில் கெண்டைகள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்கிற புதியவர், மீன் இரைக்கு அலைகிறது என்று மகிழ்ந்து தூண்டிலைப் போடுவார். அவை பசியால் மேலே வரவில்லை; மூச்சுக்குத் தவிக்கின்றன. கொத்தும் நிலையில் அவை இல்லை. விவரம் அறிந்தவர் அந்தக் குளத்துக்கு வெயில் ஏறிய பிறகு வருவார், அல்லது அன்றைக்கு விராலைத் தேடுவார்.

ஏன் விரால்? விராலுக்குச் செவுளோடு, தலைக்குள் காற்றைச் சுவாசிக்கும் ஓர் அறையும் உண்டு. அது சிறிது நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கிப் போகும். மேலே வரவிடாமல் தடுத்தால் நீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். ஆக்சிஜன் குறைந்த குளத்தில் மற்ற மீன்கள் சோர்ந்து கிடக்கும் நேரத்திலும் அது இரை தேடும். காற்றை விழுங்கும் அந்தச் சிறு கொப்பளிப்பை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டவருக்கு, அடுத்த முறை அது எங்கே எழும் என்று ஊகிக்க வழி கிடைத்துவிடுகிறது.

நாளின் நேரத்தைவிடப் பெரிய கணக்கு ஆண்டின் கணக்கு. பொதிகையில் தென்மேற்குப் பருவமழை இறங்கும் ஆனி, ஆடி மாதங்களில் கார் பருவ நெல் சாகுபடிக்காக வாய்க்கால்களில் நீர் விடும்போது ஆற்றிலும் வாய்க்காலிலும் மீன் இடம் மாறுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் குளங்கள் பெருகி மறுகால் பாயும். அப்போது மீன் குளத்தின் பரப்பெங்கும் சிதறிவிடுவதால் பிடிப்பது கடினம். பிசானம் என்னும் அடுத்த போக நெல்லின் அறுவடை முடிந்து குளம் சுருங்கும் காலத்தில் மீன் பள்ளங்களில் திரளும். அப்போது யாருக்கும் கிடைக்கும். மார்கழியில் நிறைந்த குளத்தில் பிடிப்பவரின் திறனும் வைகாசியில் குட்டையில் பிடிப்பவரின் திறனும் ஒன்றல்ல.

நீரின் தெளிவும் நேரக் கணக்கில் சேரும். குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பது எளிது என்ற வழக்கு வலைக்குப் பொருந்தலாம். தூண்டிலுக்குப் பாதிதான் பொருந்தும். கண்ணால் இரை தேடும் மீன்கள் கலங்கல் நீரில் தடுமாறும். கெளுத்திக்கு மீசையிலும் தோலிலும் சுவையுணர்வு பரவியிருப்பதால், புதுவெள்ளக் கலங்கலிலும் மணமுள்ள இரையை அது தேடி வந்துவிடும்.

வாயைப் பார்த்து வழக்கத்தை அறிதல்

மூன்றாவது கேள்வி ‘எதை’. இதற்கு விடை மீனின் வாயிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நம் குளங்களில் குஞ்சு விட்டு வளர்க்கப்படும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வட இந்திய ஆறுகளிலிருந்து வந்தவை. கட்லாவின் வாய் மேல்நோக்கி அமைந்திருக்கிறது. அது மேல்மட்ட நீரில் மேய்வது. மிர்காலின் வாய் கீழ்நோக்கியது; அது அடித்தரையில் மேய்வது. ரோகு பெரும்பாலும் நடுமட்டத்தில் மேயும். வெவ்வேறு மட்டத்தில் மேய்வதால்தான் இம்மூன்றையும் ஒரே குளத்தில் சேர்த்து வளர்க்கிறார்கள். புண்ணாக்கும் தவிடும் பிசைந்த உருண்டை மூன்றுக்கும் ஏற்றதுதான். ஆனால் அதைத் தரையில் கிடத்திவிட்டுக் கட்லாவுக்காகக் காத்திருப்பது வீண்.

விரால் பதுங்கிப் பாயும் வேட்டைமீன்; அதற்கு உயிருள்ள, துடிக்கும் இரை வேண்டும். ஜிலேபிக் கெண்டை 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். பாசி முதல் புழு வரை எதையும் தின்னும். தெளிந்த நீரில் கரையோரத் தரையில் வட்டவட்டமாகக் குழிகள் தெரிந்தால், அவை ஆண் ஜிலேபிகள் இனப்பெருக்கத்துக்குத் தோண்டியவை.

தூண்டில் நரம்பில் கட்டி நீர்மேல் மிதக்கவிடும் தக்கை அசையும் விதமும் மீனுக்கு மீன் மாறும். சிறுகெண்டை தக்கையைப் படபடவென்று தட்டும். கெளுத்தி சீராக இழுத்துக்கொண்டு போகும். விரால் ஒரேயடியாக அமிழ்த்தும். கொத்து என்பது மீன் இரையைத் தொட்ட கணம்; சுண்டுதல் என்பது முள் வாயில் தைக்கும்படி நாம் கம்பை வெட்டி இழுக்கும் கணம். இந்த இரண்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதை எழுத்தில் கற்பிக்க முடியாது. கை பழகப் பழகத்தான் அது வரும். கைராசி என்ற சொல்லுக்கு ஏதேனும் நேரான பொருள் உண்டென்றால் இந்த ஓர் இடத்தில் மட்டும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன்.

இதுவரை பார்த்தவை மூன்று: இடம், நேரம், இரை. இவற்றைப் படித்தறிந்தவர் நல்ல தூண்டில்காரர் ஆகலாம். சிறந்தவரைப் பிரித்துக் காட்டுவது அடுத்து வருவது.

கொத்தாத ஒரு மணி நேரம்

ஒருவரின் திறனை அறிய விரும்பினால், அவர் மீனை இழுக்கும் நேரத்தில் பார்க்க வேண்டாம். ஒரு மணி நேரமாக எதுவும் கொத்தாத நேரத்தில் பாருங்கள். புதியவர் அப்போது இரண்டில் ஒன்றைச் செய்கிறார். ஒன்று, அசையாமல் உட்கார்ந்திருந்து அதைப் பொறுமை என்று நம்புகிறார். அல்லது, இடத்தையும் இரையையும் முள்ளையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, பிறகு ஒரு மீன் கிடைத்தால் எதனால் கிடைத்தது என்று தெரியாமல் வீடு திரும்புகிறார்.

தேர்ந்தவர் ஒன்றை மட்டும் மாற்றுகிறார். பெரும்பாலும் முதலில் மாற்றுவது ஆழத்தை. தங்கூஸ் எனப்படும் நைலான் நரம்பில் தக்கையை ஒரு சாண் மேலே நகர்த்தினால் இரை ஒரு சாண் கீழே இறங்குகிறது. அங்கேயும் கொத்தில்லை என்றால் இன்னும் ஒரு சாண். தரை தட்டும்வரை பார்த்துவிட்டு, அதன் பிறகே இரையை மாற்றுகிறார். அதுவும் பயன்படாதபோது நீரோட்ட விளிம்பின் மறுபக்கத்துக்கு நகர்கிறார். கொத்தாத ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு செய்தி கிடைக்கிறது: மீன் இந்த ஆழத்தில் இல்லை, இந்த இரையை இன்று ஏற்கவில்லை. வெளியே பார்க்கிறவருக்கு அவர் சும்மா இருப்பதாகத் தெரியும். உள்ளே ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருகிறார். அவருடைய பொறுமை இடத்தின் மீது வைத்த பொறுமை அன்று. முறையின் மீது வைத்த பொறுமை.

மீனும் கற்றுக்கொள்கிறது என்பதால் இந்த முறை இன்றியமையாததாகிறது. மீனின் நினைவு சில நொடிகளே நீடிக்கும் என்று பரவலாகச் சொல்லப்படுவது தவறு. நெதர்லாந்தில் குளங்களில் நடத்தப்பட்டு 1970-இல் வெளியான ஆய்வில், ஒருமுறை தூண்டிலில் சிக்கி விடுவிக்கப்பட்ட கெண்டைகள் பல மாதங்கள் கழித்தும் மீண்டும் எளிதில் சிக்கவில்லை என்பது தெரியவந்தது. நேற்று பலித்த இரை இன்று பலிக்காமல் போவதற்கு வானிலையை மட்டும் குறை சொல்ல முடியாது.

கருவி பற்றி இங்கே சில வரிகள் போதும். நல்ல ராடும் ரீலும் எட்டாத தூரத்தை எட்டவும், பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு அறுபடாமல் காக்கவும் உதவும். எங்கே எறிவது என்பதை அவை சொல்லித் தருவதில்லை. மூங்கில் கம்பும் மயிலிறகுத் தண்டில் செய்த தக்கையும் வைத்துக்கொண்டு ஆறு முழுவதையும் அறிந்தவர்கள் நம் ஊர்களில் வாழ்ந்திருக்கிறார்கள்.

பெரிய மீன் பிடித்தவரெல்லாம் சிறந்தவரா

1932 ஜூன் 2 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள பெருவாய் பாஸ் என்ற நன்னீர் வேட்டைமீன் ஒன்றைப் பிடித்தார். அந்த இனத்தில் அது உலகச் சாதனை. அதற்கு இணையான மீன் 2009-இல்தான் ஜப்பானின் பிவா ஏரியில் மனபு குரிதா என்பவருக்குக் கிடைத்தது. இச்சாதனைகள் மதிக்கத்தக்கவை. ஆனால் ஒரு மீனின் எடை, அந்த நீரில் அவ்வளவு பெரிய மீன் வளர்ந்திருந்தது என்பதைத்தான் உறுதியாகச் சொல்லும். பிடித்தவரின் திறனை அளக்க ஒரே ஒரு நிகழ்வு போதாது.

திறனையும் தற்செயலையும் பிரிக்க வேண்டுமானால், பலர் ஒரே நேரத்தில் ஒரே நீரில் போட வேண்டும். யாருக்கு எந்த இடம் என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாக வேண்டும். இது பல நீர்நிலைகளில் பல முறை நடக்க வேண்டும். நன்னீர்த் தூண்டில் போட்டிக்கான உலகச் சாம்பியன்ஷிப் ஏறத்தாழ இப்படித்தான் நடக்கிறது. கரையைப் பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதிக்குள் கிடைத்த வரிசைக்கு ஏற்பப் புள்ளி தருவதால், மீன் நிறைந்த பகுதி ஒருவருக்கு வாய்த்துவிட்டது என்பதால் மட்டும் அவர் வெல்ல முடியாது. அதில் இங்கிலாந்தின் பாப் நட் 1990, 1991, 1994, 1999 ஆகிய ஆண்டுகளிலும், அதே நாட்டின் ஆலன் ஸ்காட்தார்ன் 1996, 1997, 1998, 2003, 2007 ஆகிய ஆண்டுகளிலும் தனிநபர் பட்டம் வென்றார்கள். இடத்தைக் குலுக்கல் தீர்மானித்த பிறகும், நாடும் நீரும் மாறிய பிறகும், ஒரே ஆள் ஐந்து முறை முதலிடம் பெறுவதைக் கைராசி என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

நம் ஊரில் சாம்பியன்ஷிப் தேவையில்லை. சித்தாற்றங்கரையில் பெயர் பெற்றவரை விஜயநாராயணம் பெரியகுளத்துக்கு அழைத்துச் சென்று, முன்பின் பார்த்திராத அந்த நீரில் அரைநாளில் அவர் என்ன கண்டுபிடிக்கிறார் என்று பார்த்தாலே போதும்.

எதைப் பிடிக்காமல் விடுவது

மீனை இவ்வளவு அறிந்தவருக்கு அதைப் பிடிக்கக் கூடாத நேரமும் தெரிந்திருக்கும். இதைக் கருணை என்ற அளவில் மட்டும் பார்க்க வேண்டியதில்லை. அறிவின் தொடர்ச்சியாகவே பார்க்கலாம். விரால் தன் குஞ்சுகளைக் கூட்டமாக மேற்பரப்பில் மேயவிட்டுக் கீழே காவல் நிற்கும். செந்நிறக் குஞ்சுகள் நீரைக் கொதிப்பது போலக் குமிழச் செய்யும் அந்த இடத்தில் இரையைப் போட்டால், பசி இல்லாவிட்டாலும் காவல் வேகத்தில் அந்தக் காவல்மீன் பாய்ந்து கவ்வும். தூண்டிலில் இதைவிட எளிதான பிடி வேறில்லை. அதைப் பிடித்த மறுகணமே மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்னத் தொடங்கிவிடும். புதுவெள்ளத்தை எதிர்த்துச் சினையோடு ஏறும் மீனும் இப்படித்தான். நான் மதிக்கும் தூண்டில்காரர்கள் எவரும் இந்த இரண்டையும் தொடுவதில்லை.

தாமிரபரணிக்கு மட்டுமே உரிய மீன்களும் உண்டு. இந்த ஆற்றின் பெயரையே அறிவியல் பெயராகத் தாங்கிய ஒரு சிறு கெண்டை இனம் உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. அது சிக்கினால், கையை நனைத்துக்கொண்டு எடுத்து உடனே விட வேண்டும். உலர்ந்த கை மீனின் உடல்மீதுள்ள வழுவழுப்பான படலத்தைத் துடைத்துவிடும். அந்தப் படலம் போனால் நோய் தொற்றும். முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கூரைக் குறடால் நசுக்கிவிட்டால் விடுவிப்பது எளிது. பாபநாசம் கோயில் படித்துறையில் பக்தர்கள் பொரி போடும் மீன்களைத் தொடுவதில்லை என்பது ஊரறிந்த வழக்கம். அவை மேய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்கோ தடை ஏதும் இல்லை. அதற்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியின்றி மீன் பிடிப்பது குற்றம். குத்தகைக்கு விடப்பட்ட குளங்களில் குத்தகைதாரரின் சம்மதம் வேண்டும். அறுந்த தங்கூஸ் நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வரக் கூடாது. அது மக்குவதில்லை, கூந்தன்குளம் போன்ற இடங்களுக்கு வரும் பறவைகளின் காலிலும் அலகிலும் சுற்றிக்கொள்ளும்.

எல்லா மீனையும் திரும்ப விடுவதும் சரியன்று. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க இந்தியாவில் 2000-ஆம் ஆண்டிலேயே தடை விதிக்கப்பட்டது. இருந்தும் அது பல நீர்நிலைகளுக்குள் புகுந்து நாட்டு மீன்களைத் தின்று பெருகுகிறது. இது சிக்கினால் மறுபடி நீரில் விடக் கூடாது. நாட்டுக் கெளுத்தியையும் இதையும் பார்த்த உடனே பிரித்தறிவதும், பிரித்தறிந்தபடி ஒன்றை விட்டு மற்றொன்றைக் கரையேற்றுவதும் தூண்டில்காரரின் திறனில் அடங்கியவையே.